சந்தனப் பொட்டும் மின் ஹீட்டரும்

செவ்வாய், தென்முனை முகாம். நாள் 212. 09:40
பதிவு: செண்பகவல்லி, வெப்பப் பொறியாளர். அடுத்த மாதம் வரும் குழுவுக்காக.
வெளியே −96 டிகிரி. வண்டியின் மின் ஹீட்டர் நாலே நிமிடத்தில் உள்ளே கதகதப்பாக்கிவிட்டது. என் கைவேலை, பெருமைப்பட்டுக்கொள்கிறேன். முகாமில் இருப்பது நானும் லூர்துவும்தான். விடியற்காலையில் பாறை எடுக்கப் போனவன் 31 கிலோமீட்டரில் நிற்கிறான். அவன் வண்டியின் மின்கலம் காலியாம். அவன் உடுப்பின் சூடு 13:00 வரை தாங்கும். கூட்டிவரக் கிளம்புகிறேன். மின்கலம் 92 சதவீதம். கிலோமீட்டருக்கு ஒரு சதவீதம், மிச்சம் ஹீட்டருக்கு. தாராளம்.

10:25
வியர்க்கிறது. 18 டிகிரியில் நிற்க வேண்டிய ஹீட்டர் நிற்கவே மாட்டேன் என்கிறது. திரையில் உள்வெப்பம் 11 டிகிரியாம், யார் காதில் பூச்சுற்றுகிறது? மின்கலம் 61.
லூர்து, ரேடியோவில்: "யக்கா, எங்க வந்துட்டிருக்கீங்க? காலு மரத்துப் போச்சு."

10:50
கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.
நேற்று ஆயுத பூஜை. இங்கே கற்பூரம் ஏற்றக் கூடாது, அதனால் மனம் ஆறாமல் எல்லாக் கருவிக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். இந்த வண்டியின் உள்சுவரிலிருக்கும் வெப்ப உணரிக்கும் கட்டைவிரலால் அழுத்தி ஒன்று. அது காய்ந்து ஓடாகிவிட்டது. உள்காற்று படாமல், உணரி பின்னாலிருக்கும் சுவரின் குளிரையே காட்டியிருக்கிறது. சுரண்டி எடுத்தேன். மின்கலம் 46.
"என் வண்டிக்கும் ஒண்ணு வைங்க யக்கா" என்று லூர்துவும் சிரித்தபடி கேட்டான், மாதா கோயில் பிள்ளை. அதற்கும் வைத்தேன், அதே இடத்தில்.
ரேடியோவில் கேட்டேன். "ஆமா, உள்ள வெக்கையாத்தான் இருந்துச்சு. தூத்துக்குடி மாதிரி இருக்கேன்னு விட்டுட்டேன்."

11:00
இங்கிருந்து அவனிடம் 18. அங்கிருந்து முகாம் 31. மொத்தம் 49, கையில் 46. ஹீட்டரை அணைத்தாலும் மூன்று குறைகிறது. இப்படியே திரும்பினால் நான் பிழைப்பேன்.
எல்லாவற்றையும் அவனிடம் சொல்லிவிட்டேன். அவன்: "அப்ப திரும்பிப் போயிருங்க யக்கா." உடனே: "இல்ல, போயிராதீங்க. பயமா இருக்கு."
ஹீட்டரை அணைத்தேன். போகிறேன். கடைசி மூன்று கிலோமீட்டரை நடந்துவிடலாம்.

12:15
ஏற்றிவிட்டேன். அவனால் நிற்க முடியவில்லை. நடப்பதாவது. மின்கலம் 28. உள்ளே −41. கண்ணாடியில் எங்கள் மூச்சே உறைகிறது.

13:20
அவன் உடுப்பு அணைந்துவிட்டது. பக்கத்து இருக்கையில் ஒரே பேச்சு: "ஒரு நிமிஷம் போடுங்க யக்கா. ஒரே நிமிஷம்." ஒரு நிமிடச் சூட்டுக்கு அரைக் கிலோமீட்டர் போய்விடும். முடியாது என்கிறேன். திட்டுகிறான். திட்டட்டும், திட்டும்வரை உயிரோடு இருக்கிறான்.

13:58
மின்கலம் 4. முகாம் 7.
அவன் கேட்பதை நிறுத்திவிட்டான்.
உலுக்கினேன். கன்னத்தில் அறைந்தேன்.

14:01
ஹீட்டரைப் போட்டுவிட்டேன். வண்டியை நிறுத்திவிட்டேன். காற்று சூடாக வருகிறது, அவன் முகத்தை அதற்கு நேரே பிடித்திருக்கிறேன். மின்கலம் 2.

கண் திறந்தான். "வந்துட்டமா யக்கா?"

வெளியே வெறும் மண். முகாமின் விளக்கு கூடத் தெரியவில்லை. வந்துட்டோம் தம்பி என்றேன். மின்கலம் 1