வளைவில் நின்ற பாட்டு

சித்தப்பா,

இன்று காலை ஜீப்பில் ஏறியதும் ஆரஞ்சுத் தோல் வாசம் வந்தது. முன்கண்ணாடிக்கு அடியில், நீங்கள் போட்டு வைக்கும் அதே இடத்தில், நாலைந்து தோல்கள் காய்ந்து கிடந்தன. மலை இறங்கும்போது யாராவது வாந்தி வருகிறது என்றால் ஒன்றை எடுத்து நீட்டுவீர்களே, அதே மாதிரி. உங்கள் வண்டியை வாங்கிய செல்வம் சீட்டை மாற்றிவிட்டான். பாட்டுப் பெட்டியைப் பிடுங்கிவிட்டு நீலமாக எரிகிற ஒன்றை மாட்டிவிட்டான். தோலை மட்டும் விடவில்லை. முன் சீட்டு காலியாக இருந்தும் நான் பின்னால் போய்ச் சாக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன்.

மலேசியாவில் சாப்பாட்டுக் கடையில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு நீங்கள் கொண்டுவந்தது ஒரு பெட்டி ராப் சிடி, அந்த ஊர்த் தமிழ் ஆட்கள் படபடவென்று பேசுவது மாதிரிப் பாடியவை. "தங்கம் கொண்டாருவான்னு பாத்தா தட்டு கொண்டாந்திருக்கான்" என்று அப்பா கடைசிவரை சொல்லிக் காட்டினார். நான் பிறப்பதற்கு முன்னால் வந்த பாட்டுகள். தாண்டிக்குடியிலிருந்து பெரும்பாறை வரை, காப்பி பறிக்கப் போகிற எல்லோருக்கும் அவை மனப்பாடம். சீமான்பட்டிக் கிழவிகூட வெற்றிலையை மென்றுகொண்டே தலையாட்டும்.

செல்வத்துக்கு மட்டும் ஆகாது. அவனுக்குக் குரலை இழுத்து வளைக்கிற புதுப் பாட்டுதான் பிடிக்கும். அப்போது அவன் உங்கள் வண்டியில் மூட்டை ஏற்றுகிறவன்.

"அண்ணே, இதை நிப்பாட்டுங்க. ரேஷன் கடையில சண்ட போடுற மாதிரியே இருக்கு."

"ஒங்க ஆளு பாடுறது மட்டும் என்னலே? போர்வைக்குள்ள கொசு கத்துற மாதிரி. ஒரு வார்த்த புரியுதா?"

"வார்த்த எதுக்குண்ணே? அது ஒரு ஃபீலு."

"ஃபீலா? எறங்கி நட. நல்லா ஃபீலு வரும்."

வண்டி முழுக்கச் சிரிக்கும். நானும் குனிந்துகொண்டு சிரிப்பேன். ஆனால் நான் செல்வம் பக்கம் என்பதை யாரிடமும் சொன்னதில்லை.

நீங்கள் ஒரு பாட்டை எடை போடும் விதமே தனி. பெரிய வளைவு வந்ததும் குமிழைத் திருகிச் சத்தத்தை அடைத்துவிடுவீர்கள், எதிரே ஏறுகிற வண்டியின் ஹாரன் கேட்க வேண்டுமென்று. பாட்டு உள்ளே சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். வளைவு முடிகிற வரை அந்த வரிகளை நீங்கள் வாயால் சொல்லிக்கொண்டே திருப்புவீர்கள். மறுபடி குமிழைத் திருகும்போது பாடகரும் நீங்களும் ஒரே சொல்லில் நிற்பீர்கள். ஒரு நாளும் பிசகியதில்லை. "அடைச்சாலும் வாயில ஓடணும். அதுதான் பாட்டு" என்பீர்கள். புதுப் பாட்டு போட்டால் வளைவில் வெறும் இன்ஜின் சத்தம்தான். "பாத்தியா, செத்துப்போச்சு" என்று செல்வத்தைப் பார்ப்பீர்கள்.

எனக்கு வாயில் எதுவும் ஓடாது. உங்களுக்கே தெரியும். பள்ளிக்கூடத்தில் பேர் வாசிக்கும்போது 'உள்ளேன்' என்று சொல்ல வராமல் நின்றிருக்கிறேன். வந்த நாளுக்கும் ஆப்சென்ட். ஒன்பதாவதோடு நின்றபோது காப்பிப் பழம் பறிப்பது எவ்வளவோ மேல் என்றிருந்தது. செடி பேர் கேட்காது. அப்புறம்தான் போனில் அந்த ஆப் கிடைத்தது. மெல்ல முணுமுணுத்தால் போதும், அது குரலை இழுத்து வளைத்து வேறு யாரோ பாடுவது மாதிரி ஆக்கிக் கொடுக்கும். "கொரலுக்கு எதுக்கு முக்காடு?" என்று அந்த மாதிரிப் பாடகர்களைக் கேலி செய்வீர்கள். முக்காடு போட்டால்தான் சிலருக்கு வாசலைத் தாண்டவே முடிகிறது சித்தப்பா.

ஒரு நாள் வெள்ளனே, வண்டியில் ஏறும்போது நீங்களே கேட்டீர்கள். "ஏத்தா, போன்ல என்னமோ பாட்டுக் கட்டுறியாமே. வா முன்னாடி. போடு, கேப்போம்." முன் சீட்டில் ஏறிப் போன் ஒயரைப் பாட்டுப் பெட்டியில் மாட்டினேன். நல்லா இருக்கு என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

மூட்டைகளை ஏற்றிவிட்டுக் கடைசியாக ஏறிய செல்வம் பின்னாலிருந்து துள்ளினான். "யாருண்ணே இது? செம!" வளைவு வந்தது. குமிழைத் திருகினீர்கள். உங்களுக்கு அந்த வரிகள் தெரியாது. மேலே இருக்கிற கண்ணாடியை என் பக்கம் சாய்த்து அதில் என்னைப் பார்த்தீர்கள். நான் சொல்வேன் என்று காத்திருந்தீர்கள். நான் எழுதிய பாட்டு, எனக்குத் தெரியாதா? தெரியும். வாய்தான் திறக்கவில்லை. வளைவு முழுக்க இன்ஜின் சத்தம்.

"எங்கத்தா போச்சு பாட்டு?" என்றீர்கள். கேலியாகச் சொல்லவில்லை என்று இப்போது தோன்றுகிறது. அன்று அப்படித் தோன்றவில்லை. மறுநாளிலிருந்து பின்னால்தான் உட்கார்ந்தேன். நீங்கள் கூப்பிடவும் இல்லை.

ஐப்பசி மழையில் நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தீர்கள். வேறு ஒரு ஜீப்பில் கொண்டுபோனோம். வத்தலக்குண்டு போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த வண்டியில் பாட்டே இல்லை.

உங்கள் சிடிகளைப் போட்டுக் கேட்க இப்போது வீட்டில் எதுவும் இல்லை. அம்மா எல்லாவற்றையும் நூலில் கோத்து அவரைப் பந்தலில் கட்டிவிட்டாள், மின்னினால் குரங்கு வராதாம். குரங்கு வருகிறது. ஒரு சிடியைப் பிடித்து முகம் பார்த்துவிட்டுக் காயைப் பறித்துக்கொண்டு போகிறது. உங்கள் ஆட்கள் காற்றில் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

இன்று டீக்கு நிறுத்தியபோது செல்வம் பின்பக்கம் வந்தான். "தங்கச்சி, அன்னைக்குப் போட்டது ஒன் பாட்டாமே?"

நான் பக்கத்துச் சாக்கின் முடிச்சை இறுக்கினேன்.

"அண்ணன் சொன்னாரு. நீ போன வீட்டுல வச்சிட்டுப் போன அன்னைக்கு ஒங்க அம்மாகிட்ட வாங்கியாந்து, எங்கிட்ட சொல்லி அதை பென் டிரைவுல ஏத்திக்கிட்டாரு. ஆளுகளை எறக்கிவிட்டுட்டுத் திரும்புறப்ப அதேதான் ஓடும். வளைவுல அடைச்சிட்டு அவரே சொல்லிப் பாப்பாரு. ரெண்டு வரி பிடிச்சிட்டாரு. மூணாவதுல மாட்டிக்கிட்டாரு. 'ஏலே, அந்தப் புள்ள என்னலே சொல்லுது, ஒனக்காவது புரியுதா?'ம்பாரு. எனக்கு எங்க புரியுது? நல்லா இருக்குன்னேன்."

"எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல?" என்றேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

"நானும் அதேதான் சொன்னேன். 'வேணாம்லே, கேட்டா அது அழுதுரும், நானே பிடிச்சிருவேன்'னாரு." டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவன் வண்டியை எடுக்கப் போய்விட்டான்.

நீங்கள் பிடித்த இரண்டு வரி இதுதான்: மஞ்சு எறங்குனா மலையக் காணோம். மழை எறங்குனா ரோட்டக் காணோம்.

அவ்வளவு தெளிவாகப் பாடுகிற உங்கள் பழைய ஆட்களோடு வளர்ந்த காதுக்கு, குரலை இழுத்து வளைத்த இடத்தில் அடுத்த வரி எட்டவில்லை. பக்கத்து வீட்டில்தான் இருந்தேன். ஒரு தடவை வாய் திறந்து சொல்லியிருந்தால் போதும். அதற்கு வேண்டிய குரல் எனக்கு அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. பாட்டுக் கட்டுவதையும் விட்டுவிட்டேன். இனி யார் கேட்க வேண்டும்?

செல்வம் வளைவில் சத்தத்தை அடைப்பதில்லை. ஹாரனை அழுத்திக்கொண்டே திருப்பிவிடுகிறான். அவன் போடுவது என் மாதிரிப் பாட்டுகள்தான். அந்த இரைச்சலுக்குள் எனக்கு மட்டும் அந்த இடத்தில் எல்லாம் அடைத்துக்கொள்கிறது. கண்ணாடியில் நீங்கள் பார்க்கிறீர்கள். மூன்றாவது வரிக்கு என் உதடு அசைகிறது.

பேரக் கூப்புட்டா என்னையக் காணோம்.

சத்தம் மட்டும் இன்னும் வரவில்லை, சித்தப்பா.