கூலண்ட் ஏன் வெளுத்தது?

பிரியமுள்ள ஹனீபா மச்சானுக்கு, மட்டாஞ்சேரியில இருந்து என் ஸலாமும், உங்க காரோட ஸலாமும்.

என் அக்காவுக்கு, அதான் உங்க பொஞ்சாதிக்கு, மலையாளம்தான் படிக்கத் தெரியும். அந்தத் தைரியத்துல தமிழ்ல எழுதுறேன்.

நீங்க மௌத்தாகிக் கண்ணை மூடின பிறகும் வண்டி ஓடுது. ஆனா போன மாசம் வைட்டிலா சிக்னல்ல பானட்டுல இருந்து ஒரே ஆவி. உங்க மக நஸீமா, "இன்னொரு தடவை நின்னா உடைக்கக் கொடுத்துருவேன் மாமா"ன்னுட்டா. அக்கா சாயா டம்ளரைக் கீழே வச்சுட்டு எழுந்து போயிட்டா.

விடுவேனா? கப்பல் என்ஜினுக்கே வைத்தியம் சொன்னவன் நான். தேவரா பக்கத்து மெக்கானிக் பீட்டரைக் கூப்பிட்டு, என்ஜின் ஆறினதும் ரேடியேட்டரைத் திறக்க வச்சேன். பழைய தண்ணி சுலைமானி டீ நிறத்துல கொட்டுச்சு. கழுவிட்டு, என்ஜின் சூடேறாம இருக்கப் புதுக் கூலண்ட் ஊத்தினோம். கிளிப்பச்சை மச்சான்! மட்டாஞ்சேரியே கூடி நின்னு பார்த்துச்சு.

ஒரே வாரம். பச்சை வெளுத்துப் போச்சு. காலையில வண்டிக்கடியில ஈரம்.

"ஓஸ் குழாய்ல ஓட்டை வச்சியாடா?"ன்னு பீட்டரைக் கேட்டேன். "காசிம் இக்கா, அந்த வண்டியில இனி ஓட்டை போட இடம் எங்கே?"ன்னு சிரிக்கிறான். சிரிக்கிறவனை எப்படி நம்புறது? உங்க மருமகனும் சும்மா இல்லை, போன்ல புது வண்டிப் படமா பார்த்துக்கிட்டிருக்கான். அவன் வேலையா இருக்குமோ?

விடிகாலை ஸுபுஹு தொழுதுட்டு வந்து ஜன்னலுக்குப் பின்னால புலி மாதிரி பதுங்கினேன். பானட் திறக்கிற சத்தம். கையில சொம்பு. பார்த்தா, அக்கா!

வண்டியெடுக்கும் முன்னே தினம் பிஸ்மி சொல்லித் தண்ணி ஊத்துவீங்களே, அதே சொம்பு. கூலண்ட் டேங்க் நிரம்பிக் கீழே வழியுற வரைக்கும் ஊத்துறா.

"வண்டிக்குத் தாகம் எடுக்காதா? நீ ஏன்டா கள்ளன் மாதிரி ஒளிஞ்சு நிக்கிறே?"

வெறும் தண்ணியா ஊத்தவிட்டா வண்டி போயிரும். ஊத்தாதேன்னா அவகிட்ட என்ன மிச்சம்?

பீட்டரை விட்டு மறுபடியும் கூலண்ட் மாத்தினேன். ஒரு பச்சை பாட்டிலை அக்கா கையில கொடுத்து, "மச்சான் என்கிட்ட ரகசியமாச் சொன்னது. தினமும் பார்க்கணும். டேங்க்ல இருக்கிற கோட்டுக்குக் கீழே இறங்கினா மட்டும் இதை ஊத்தணும்"னேன்.

"அவரு உன்கிட்டயா ரகசியம் சொன்னாரு?" மேலயும் கீழயும் பார்த்தா. என்னையே சந்தேகப்படுறா, மச்சான்!

இன்னிக்குக் காலையில சொம்பு வரலை. பாட்டிலோட வந்து கோட்டைப் பார்த்தா. பிஸ்மி சொல்லி மூடியைத் தடவிட்டுப் போனா.

நான் இருக்கிற வரைக்கும் அந்தப் பாட்டில் காலியாகாது, இது சத்தியம். நீங்க மட்டும் அவ கனவுல வந்து, 'நான் எந்த ரகசியமும் சொல்லலை'ன்னு என்னைக் காட்டிக் கொடுத்துராதீங்க.

உங்க வண்டிக்கும் உங்க வீட்டுக்கும் காவல் நிக்கிற மச்சினன்,
காசிம்