மனுவில் ஒரு திருத்தம்

ஆஸ்லோ
பிப்ரவரி 14

அன்புத் தம்பி சவரிமுத்துவுக்கு,

ஆண்டவர் உன் வீட்டைக் காப்பாராக. உன் மூட்டுவலி தணிந்ததா? நான் நலம். சனிக்கிழமைகளில் இங்குள்ள பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறேன்.

இலங்கைச் சிறையில் இருக்கும் உன் மகன் ஜெரால்டுக்காக அந்நாட்டுத் தூதரகத்துக்கு ஒரு மனு எழுதினேன். "நம் மீனவர்களை விடுவியுங்கள்" என்று தொடங்கி, பள்ளியில் கையெழுத்துக் கேட்டேன். உடன் கற்பிக்கும் தவமலர் பேனாவைத் தொடவில்லை. அவளுடைய அண்ணன் யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறை மீனவர்.

"டீச்சர், உங்கட இழுவைப் படகுகள் அண்ணான்ர வலையை மூண்டு தரம் அறுத்துப்போட்டுது. 'நம்' எண்டா நானும் சேர்த்தியெல்லோ? 'எங்கள்' எண்டு மாத்துங்கோ, கையெழுத்து வைக்கிறன்."

நாற்பது ஆண்டு இலக்கணம் நடத்தியவளுக்கு அது சுட்டது. ஆனால் திருத்தம் சரி. மாற்றினேன், முதல் கையெழுத்து அவளுடையது. நம்மூரில் என்றால் அதற்குள் இரண்டு கட்சிக்கொடிகள் வந்திருக்கும். அங்கே மேடையில் இந்த இலங்கைத் தமிழர்களை "நம் இனம்" என்று சொல்லிக் கைதட்டல் வாங்குகிறோம். இவர்களுடைய வலையைப் பற்றி வாய் திறப்பதில்லை.

இங்கே பூசை எனக்குப் புரியாத மொழியில் நடக்கிறது. என் பழைய செபப் புத்தகத்தை அனுப்பு. உன் அத்தான் கல்லறையில் புல் மண்டியிருக்கும், பிடுங்கச் சொல்.

"மீனு எங்கன கெடக்கோ அங்கனதானக்கா போவோம்" என்பாய். ஜெரால்டு வந்ததும் உன் இழுவை வலையைக் கரையேற்று. அதை விட்டால், தவமலரிடம் "நம்" என்று சொல்ல எனக்கு வேறு வழியில்லை.

தபால் நிலையம் மூடப்போகிறது.

உன் அக்கா,
ஆக்னஸ்