கணக்கில் கழித்த பொங்கல்

18 நவம்பர் 2024, திங்கள்

பெருமுக்கல் கால்நடை மருந்தகத்தில் காலையில் மாடுகளுக்குச் சினை பார்த்துக்கொண்டிருந்தேன். தோள்வரை உறை போட்ட கையோடு நிற்கும்போது தம்பி கோபியின் போன். "ஃபேஸ்புக்ல மாமா போட்டோ பாத்தியாக்கா?"

பார்த்தேன். மெல்போர்னில் கோட் சூட்டோடு ஜெகதீசன். பக்கத்தில் மாலையோடு ஒரு பெண். கல்யாணம்.

என் கணவன். விசா வரும், உன்னையும் கூட்டிக்கிறேன் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன்.

சாயந்திரம் அவனே கூப்பிட்டான். "நமக்கு போன மாசமே டைவர்ஸ் ஆயிடுச்சி கலை. மெயில் அனுப்பினேனே." அனுப்பியது நான் காலேஜ் நாளில் வைத்திருந்த மெயில் ஐடிக்கு. நான் அதைத் திறந்தே பல வருடம் ஆகிறது. அது அவனுக்கும் தெரியும்.

21 நவம்பர்

விழுப்புரத்தில் வக்கீல் அறிவுச்செல்வன். அந்த மெயிலைத் தேடித் திறந்து அவரிடம் காட்டினேன்.

"அந்த ஊர்ல காரணமே சொல்ல வேணாம்மா. ஒரு வருஷம் பிரிஞ்சி இருந்தோம்னு ஒருத்தர் போனாலே போதும்."

"இந்த ஜனவரில வந்து மூணு வாரம் என்னோட இருந்தாரே சார்."

படித்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினார். "அதையும் சொல்லியிருக்காரு. சேர்ந்து வாழ முயற்சி பண்ணோம், சரிவரலன்னு. சேர்ந்திருந்தது மூணு மாசத்துக்கு உள்ளன்னா அந்தச் சட்டத்துல அதக் கழிச்சிட்டு, முன்னாடி பிரிஞ்சிருந்ததையும் பின்னாடி பிரிஞ்சிருந்ததையும் கூட்டிக்கலாம்."

முயற்சியாம். காணையில் அவன் அம்மா, என் அத்தை வீட்டில் பொங்கல் வைத்தோம். கிளம்பும்போது அழுதான். அவன் கொடுத்த தேதிப்படி அதற்கு எத்தனையோ மாதம் முன்பே நாங்கள் பிரிந்துவிட்டோம். எனக்குத்தான் தெரியாது. அப்போ அந்த மூணு வாரம் எம்மேல கையப் போட்டுக்கினு படுத்திருந்தது யாரு? நான் அவனுக்கு யாரு?

வீட்டுக்கு வந்து குளித்தேன். மறுபடியும் குளித்தேன்.

22 நவம்பர்

சீ.

3 டிசம்பர்

புயல் மழை விட்டிருக்கிறது. வரப்போரமெல்லாம் மாடுகள் செத்து ஊதிக் கிடக்கின்றன. நாள் முழுக்க அவற்றுக்கு நடுவில்தான் வேலை. கூட வந்த உதவியாளர் நாற்றம் தாங்காமல் வாந்தி எடுத்தார். எனக்கு வரவில்லை.

மதியம் ஜெகதீசன் வாட்ஸப்பில் கேட்டிருந்தான்: வெள்ளமாமே, சேஃபா இருக்கியா?

அதைப் படித்ததும் வந்தது.

8 டிசம்பர்

அப்பா வீட்டுக்குப் போனேன். கோபி எல்லாம் விசாரித்து வைத்திருக்கிறான். "அந்தத் தீர்ப்பு இங்க செல்லாதாம்கா. நம்ம சட்டத்துல நீதான் இன்னும் அவன் பொண்டாட்டி. நீ பாட்டுக்கு கம்முனு இரு. ரெண்டாம் கல்யாணம்னு கேசப் போட்டு அவன ஊர்ப்பக்கமே வரவுடாம பண்றேன்."

அப்பாவுக்கும் திருப்தி. "தாலி கழுத்துல இருக்கில்ல. அது போதும்."

எது போதும்? அங்கே அவனுக்கு வசதியாக நான் மனைவி இல்லை. இங்கே இவர்களுக்கு வசதியாக நான் மனைவி. "இன்னும் அவன் பொண்டாட்டி" — கோபி அதை ஏதோ பரிசு மாதிரி சொன்னான். உடம்பு கூசியது.

15 டிசம்பர்

ராத்திரி போனில் ஊர் ஊராகச் சட்டம் தேடிப் படித்தேன். பிலிப்பைன்ஸில் பெரும்பாலான ஜனங்களுக்கு விவாகரத்தே கிடையாதாம். நம் ஊரிலேயே இந்துக்களான எங்களுக்கு ஒரு சட்டம், கிறிஸ்தவர்களுக்கு ஒரு சட்டம். அந்த ஆஸ்திரேலியச் சட்டத்தின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, யோசித்துப் பார்த்தேன். அடிபடுகிற ஒருத்தி அடியை நிரூபிக்காமல் வெளியே வந்துவிடலாம். நல்லதுதானே? அந்த நல்லதுக்குள் இவன் செருப்போடு நுழைந்திருக்கிறான்.

5 ஜனவரி 2025

அத்தை வந்திருந்தார், காணையிலிருந்து. மகன் சொல்லி அனுப்பியிருக்கிறான். "ரெண்டு பேருக்கும் சம்மதம்னு இங்கயும் எழுதிக் குடுத்துடும்மா. அந்தப் பொண்ணக் கூட்டிக்கினு ஊருக்கு வரணும்ங்கறான். கேசு கீசுன்னு பேஜாரு வேணாம்."

"போன பொங்கலுக்கு வந்தாரே அத்தை. அதுக்கு முன்னாடியே எங்களுக்குள்ள முடிஞ்சி போச்சின்னு அங்க கோர்ட்ல சொல்லியிருக்காரு. தெரியுமா உங்களுக்கு?"

காபி டம்ளரைக் கீழே வைத்தார். "அந்த ரூம நாந்தானம்மா பெருக்கிக் குடுத்தேன். ஒரு பேரப்புள்ளயக் குடுன்னு வேண்டிக்கினேனே."

காபியைக் குடிக்காமலே போய்விட்டார்.

20 ஜனவரி

திண்டிவனம் கோர்ட்டில் மனு போட்டேன். என் மனு. சம்மத விவாகரத்து இல்லை.

"சேர்ந்து போட்டா ஜல்தியா முடிஞ்சிடும்மா," என்றார் வக்கீல்.

"அவர் பண்ணது அசிங்கம்னு எங்கயாவது எழுதணும் சார்."

"சட்டத்துல அதக் கொடுமைன்னு எழுதுவோம்."

எழுதுங்கள் என்றேன். தாலியைக் கழற்றிப் பீரோவில் வைத்துவிட்டேன். கோபி என்னோடு பேசுவதில்லை.

16 ஜூன்

நோட்டீஸ் போய்ச் சேர்ந்தும் அவன் தரப்பில் ஆளே இல்லை. எனக்குச் சாட்சி வேண்டும். அத்தையைக் கேட்டுப் பார்க்கலாமா என்று போன மாதம் வக்கீல் கேட்டபோது, வரமாட்டார் என்றேன்.

வந்தார். கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "எம் புள்ளதாங்கய்யா. பொங்கலுக்கு வந்து இவ புருஷனாத்தான் இருந்தான். பிரிஞ்சிட்டோம்னு எங்கிட்ட கூட சொல்லல. சொல்லியிருந்தா ஒரே ரூம்ல வுட்டிருக்க மாட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. இத்தனை மாதத்தில் முதல் தடவை.

29 ஆகஸ்ட்

தீர்ப்பு. விவாகரத்து ஆகிவிட்டது. கொடுமை என்றே எழுதியிருக்கிறார்கள்.

அத்தையும் வந்திருந்தார். யாரும் வரச் சொல்லவில்லை. எதிர்க் கடையில் டீ குடித்தோம். அவனைப் பற்றிப் பேசவில்லை. என் வேலையைப் பற்றிக் கேட்டார். விழுப்புரம் பஸ் வந்ததும் எழுந்தார்.

"வர்றேம்மா."

"பாத்துப் போங்க..." அதற்கு மேல் எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் நின்றுவிட்டேன். அந்த உறவுமுறை காலையில் தீர்ப்போடு முடிந்துவிட்டதே.

பஸ் நகர்ந்தது. கூடவே நாலடி போய் ஜன்னல் கம்பியைத் தொட்டேன்.

"எறங்கினதும் போன் பண்ணுங்க, அத்தை."