சில்வர் ஓக் மரத்தடியில் நட்ட வயலட்

கண்ணு ராதிகாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கப்பா, உன் தம்பி, மாடு எல்லோரும் சுகம், உன் உடம்பும் அங்கே புனேயில் அப்படியே இருக்க வேண்டும். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், கடிதத்தில் உன்னால் வாய் திறக்க முடியாது, அதனால்தான் இளங்கோவை உட்காரவைத்து, நான் சொல்லச் சொல்ல எழுத வைக்கிறேன். (கை கடுக்கிறது அக்கா. இளங்கோ.)

முதல் சம்பளத்தில் எனக்கென்று வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்து மலையேற்றிக் கொண்டுவந்தாயே ஆப்பிரிக்கன் வயலட் பூச்செடி, அதை நான் தண்ணீர் ஊற்றியே கொன்றுவிட்டேன் என்று எந்த வாயால் சொன்னாய்? நீ சொன்னபடி கிழக்கு ஜன்னலில்தான் வைத்தேன், இலையில் ஒரு சொட்டுப் படாமல் தட்டில் தண்ணீர் வைத்துக் கீழிருந்து குடிக்கவிட்டேன், தூசியைக்கூட இவனுடைய பெயிண்ட் பிரஷ்ஷால்தான் தட்டினேன், உன்னையே நான் இப்படி வளர்க்கவில்லை. மலையில் அந்தப் பக்கத்துப் பைல் நாட்டு ஊருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பினால் ஜன்னல் காலி. உங்கப்பா மிளகுக் கொடி நட்ட கையோடு அதையும் தோட்டத்துச் சில்வர் ஓக் மரத்தடியில் நட்டு, வாழைநாரால் மரத்தோடு கட்டியும் விட்டிருக்கிறார். கேட்டால், "மொளகாட்டம் இதும் மரமேறுமின்னு நெனச்சேன், மழ நாளாச்சேன்னு நட்டுப்போட்டேன்" என்கிறார். விடாத மழையில் வெல்வெட் மாதிரி இருந்த இலையெல்லாம் வெந்த கீரையாகிவிட்டது. நான் அழுதுவிட்டேன். அன்றைக்கு அவருக்குச் சோறு மட்டும்தான் போட்டேன், குழம்பு ஊற்றவில்லை. (வயலட் என்றதும் வயலுக்குப் போகவேண்டியது என்று அப்பா நினைத்திருப்பார் என்றேன், எனக்கும் குழம்பு கிடைக்கவில்லை.) இதையெல்லாம் உன்னிடம் அவர் சொன்னாரா? நீ போனில் என்னைத் திட்டத் திட்ட, பக்கத்திலேயே உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

அழுகாமல் ஒரே ஒரு இலைதான் மிஞ்சியது. அதைக் காம்போடு சாய்வாக நறுக்கி, மணல் கலந்த மண்ணை ஒரு டப்பாவில் போட்டு ஊன்றினேன். வாரக்கணக்காக ஒன்றுமில்லை, தூக்கிப் போடச் சொன்னார்கள், நான் போடவில்லை. இன்று காலை காம்படியில் எலிக்காது போல இரண்டு குட்டி இலை வந்திருக்கிறது.

வெறும் காப்பியோடு ஆபீசுக்கு ஓடாதே, ஈரத்தலையோடு தூங்காதே. நோய் நொடியில்லாமல் நல்லா இரு சாமி. தீபாவளிக்கு வரும்போது பாவம் அம்மா என்று இன்னொரு செடி வாங்கி வந்துவிடாதே, எனக்கு என் செடி இருக்கிறது.

இப்படிக்கு,
கோபம் இன்னும் ஆறாத உன் அம்மா
அத்தாயி