ஏலத்தில் எடுத்த பூசணிக்காய்

பாளையங்கோட்டை,
9.11.2024

அன்பு கிரேஸ்,

நலம். சர்க்கரை மாத்திரை தவறவில்லை. ஆன்லைன் ரம்மியை விட்டு இன்றோடு நாற்பத்தொரு நாள். என் போன் உன்னிடம் இருப்பதால்தான் இந்தக் கடிதம்.

பள்ளியில் முப்பது வருடம் நிகழ்தகவுப் பாடம் நடத்திய நீங்கள் எப்படி விழுந்தீர்கள் என்று ஆலோசகர் கேட்டார். ஒரேயடியாகத் தோற்ற நாளில் எழுந்துவிட முடிந்தது. ஒரே ஒரு சீட்டில் வெற்றி தவறிய நாளில்தான் முடியவில்லை என்றேன். தினம் அரை மணி என்று அட்டவணை போட்டுத்தான் ஆடினேன். அட்டவணை இருந்ததால் கட்டுப்பாட்டில் இருப்பதாக நம்பினேன். உன் சங்கிலியை அடகு வைத்துவிட்டு, கொக்கி அறுந்து ஆசாரியிடம் கிடக்கிறது என்று உன்னிடம் சொன்ன நாளிலும் அட்டவணையில் 'அரை மணி' என்றே எழுதியிருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு நம் சபையில் அறுப்பின் பண்டிகை. வருவாயா? வற்புறுத்தவில்லை.

பாக்கியசீலன்


வள்ளியூர்,
13.11.2024

ஃபெபி அப்பாவுக்கு,

நானும் மகளும் சுகம். பண்டிகைக்கு வரவில்லை.

சங்கிலி போனதுகூட ஆறிவிட்டது. ஆசாரி கடைக்கு மூன்று தடவை நடந்தேனே, அது ஆறவில்லை. கடைசியில் அவர், "அம்மா, இங்கன அப்படி ஒண்ணும் வரலையே. சார்ட்டயே கேளுங்க" என்று தலையைக் குனிந்துகொண்டார். உங்களைப் பற்றி உங்கள் வாயால் நான் எதையும் முதலில் கேட்டதில்லை. எல்லாம் ஊர் சொல்லித்தான்.

முருங்கைக்குத் தண்ணீர் விடுங்கள்.

கிரேஸ்


பாளையங்கோட்டை,
17.11.2024, ஞாயிறு மாலை

அன்பு கிரேஸ்,

பயந்துகொண்டேதான் எழுதுகிறேன். ஆராதனை முடிந்ததும் காணிக்கையாக வந்த காய்கறிகளை ஏலம் விட்டார்கள். ஆலயத்துக்குத்தானே என்று நின்றேன். ஒரு பூசணிக்காய்க்கு நூறு ரூபாய் கேட்டேன். என்னிடம் படித்த கிங்ஸ்டன் நூற்றைம்பது என்றான். "என்ன சார், பயந்துட்டியளோ?" என்று சிரித்தான். ஏலக்காரர் "ஒரு தரம், ரெண்டு தரம்" என்றபோது உள்ளங்கை வேர்த்தது. ரம்மியில் வேர்க்குமே, அதே வேர்வை. கை தானாக உயர்ந்தது. அவனோடு போட்டி போட்டு ஏற்றி, ஆயிரத்து எண்ணூறுக்கு எடுத்தேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

காணிக்கை என்று எழுதியிருந்தால் நீயும் நம்பியிருப்பாய். காணிக்கை இல்லை, கிரேஸ். ஆட்டம்தான். நாற்பத்தொன்பதோடு என் எண்ணிக்கை அறுந்தது. நாளை மறுபடி ஒன்று.

புதன்கிழமை ஆலோசகரிடமும் சொல்வேன். இனி ஏல நேரத்தில் அசனப் பந்தியில் சோறு பரிமாறுகிறேன் என்று சபைப் போதகர் ஐயரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். பழைய அட்டவணையை அடுப்பில் போட்டுவிட்டேன். மறுபடி தவறுவேனோ என்ற சந்தேகம் இருக்கிறது. அது இருக்கட்டும். நீ வராவிட்டாலும் நாளை ஒன்றுதான்.

பாக்கியசீலன்


வள்ளியூர்,
21.11.2024

ஃபெபி அப்பாவுக்கு,

அங்கே நம் எதிர்வீட்டு ஜெசி ஞாயிற்றுக்கிழமையே போனில், "அத்தை, சார் இன்னைக்கு தாராளமா காணிக்கை குடுத்தாவ" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து தபால்காரர் தெருவில் திரும்பினாலே வாசலுக்கு வந்துவிடுவேன், நீங்கள் என்ன எழுதப் போகிறீர்களோ என்று.

நேற்று வந்தது. இரண்டு தடவை படித்தேன்.

செவ்வாய்க்கிழமை வருகிறேன். உங்கள் போன் இங்கே ஃபெபியிடம் இருக்கட்டும். பூசணிக்காயை வெட்டிவிடாதீர்கள். ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு ஒரு வாரமாவது கூட்டு வைக்க வேண்டும்.

கிரேஸ்