சூளைக்குப் போகாத மண்

"வேண்டாம், வேண்டாம்" என்று இரண்டு முறை வாயைப் பொத்திக்கொண்டு, மூன்றாம் முறை வாங்கிச் சாப்பிடும் என் அக்காவுக்கு,

பூட்டானில் இருபது வருடம் கணக்கு டீச்சராக இருந்து நீ கொண்டுவந்த மரியாதை அது. விருத்தாசலத்தில் ஒருமுறை மறுத்தாலே இட்லித் தட்டு அடுத்த இலைக்குப் போய்விடும் என்பதை நீ கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

நீ போன பிறகு, நீ கேட்டபடிதான் தொடங்கினேன். இறந்தவரின் சாம்பலைக் களிமண்ணில் பிசைந்து, உள்ளங்கையளவு கோபுரங்களாக அச்சிலெடுத்து, வெயிலில் காயவைத்துப் பாறை இடுக்கில் வைப்பார்கள். பூட்டானில் அதற்கு 'த்சா த்சா' என்று பெயர். நாளாக ஆக மண்ணோடு மண்ணாகிவிடும். "எனக்குப் படையல் வேணாம்டா, கரைஞ்சி போனா போதும்" என்றாய்.

சாம்பலை ஆற்றில்தான் விட வேண்டும் என்று சித்தப்பா மறித்தார். "காசிய வுட வீசம் ஒசத்திடா நம்ம ஆறு. இதுக்குப் போயி மலையேறுவியா?" அன்று ஆற்றில் தண்ணீரே இல்லை. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உன் பூட்டான் முறைப்படி மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது தடவை, "பாதிய எடுத்துக்கினு ஆள வுடு" என்றார்.

பொம்மை செய்யும் முருகேசன் த்சா த்சா போட்டோவைப் பார்த்தே அச்சு செய்துவிட்டார். நூற்றெட்டு. வெயிலில் காயட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுவாரம் போனால், எல்லாம் பளபளவென்று சூளையிலிருந்து இறங்கியிருந்தன.

"என்னங்க இது?"

"பின்ன? அக்காவ பச்ச மண்ணாவா வுடுவாங்க? இனிமே ஆயிரம் வருசமானாலும் கரையாதுங்க."

ஒருமுறை எரித்தவளை மறுபடியும் எரித்துவிட்டீர்கள் என்று அந்த நல்ல மனுஷனிடம் எப்படிச் சொல்வது? சுடாத மண்ணை இந்த ஊரில் யாரும் முடிந்த வேலையாக நினைப்பதில்லை. சித்தப்பாவோ, "ஷோகேஸுக்கு ரெண்டு குடு" என்று வாங்கிப் போனார். நீ கரையவே மாட்டாய் என்பதில் அவருக்கும் ஓர் ஆறுதல் இருந்ததோ என்னவோ.

சாம்பலில் ஒரு பிடி மிச்சம் வைத்திருந்தேன். இம்முறை யாரையும் நம்பவில்லை. நானே பிசைந்தேன். பதினொன்றுதான் தேறின, எல்லாம் கோணல். உன் கையில் விடைத்தாளாகக் கிடைத்திருந்தால் பாஸ் போட்டிருப்பாயா? மொட்டைமாடியில் நன்றாகக் காய்ந்துவிட்டன.

டிக்கெட் எடுத்துவிட்டேன். உன் பள்ளிக்கூடத்துக்கு மேலே ஒரு பாறை உண்டு என்பாயே, அங்கேதான். "பெட்டியில போட்டா பொடியாயிடும், மடியில வச்சிக்கினு போங்க" என்கிறாள் என் வீட்டுக்காரி. அப்படியே செய்கிறேன். மூன்று நாள் ரயிலும் பஸ்ஸும். யார் என்ன கேட்டாலும் கீழே இறக்கிவைக்க மாட்டேன். நீ கரைவாய், அக்கா. அதற்கு நான் பொறுப்பு.

உன் சொல்லை இந்த ஒருமுறையாவது அப்படியே கேட்கிற,
தம்பி